சாமான் அறையில் சிறிது வேலை

ரமலான் பிறை 2, சனி

இந்த ஆண்டு நாட்குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். நல்லாம்பட்டினம் ஜமாத்தின் வரலாற்றை நாளைக்கு யாராவது எழுத உட்கார்ந்தால், செயலாளர் உதுமான் நெய்னார் என்ன செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போய்விடக் கூடாது. நான் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அலுவலகத்தில் எழுதி வைக்காத எதுவும் நடந்ததாக ஆகாது.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இன்று குழைந்துவிட்டது. கண்டித்தேன். மதியத் தொழுகையான லுஹர் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாமான் அறையில் சிறிது வேலை. மாலை அஸர் தொழுகைக்குத் திரும்பப் போனபோது, தொண்டை வறண்டு கிடக்கிறது என்று வாசலில் இரண்டு பேரிடம் சொன்னேன். செயலாளரே சோர்ந்து தெரிந்தால் இளைஞர்களுக்கு ஓர் ஊக்கம்.

என் மனைவி ராவியத்து கூடத்துச் சன்னலோரம் உட்கார்ந்து, துபாயில் இருக்கும் மகளுக்குக் கடிதம் எழுதுகிறாள். மகள் தினமும் செல்போனில் முகம் பார்த்துப் பேசத்தான் செய்கிறாள். இருந்தும் பக்கம் பக்கமாகக் கடிதம். பெண்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

போன வருஷம் போலவே இந்த ரமலானிலும் தினம் ஒரு தூக்குச்சட்டி சோறு கீழத்தெரு ஆசியா வீட்டுக்குப் போகிறது. ஆசியா கணவனை இழந்தவள், பாவம்தான். யார் பேரில் இந்தத் தர்மம் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான்" என்றாள். எனக்கென்றால் ஏன் அங்கே போக வேண்டும்? இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

பிறை 5, செவ்வாய்

மார்க்கத்துக்கு ஆபத்து.

செல்போன் கடை தவ்பீக் மூச்சிரைக்க ஜமாத் அலுவலகத்துக்கு ஓடி வந்தான். மதுரையிலிருந்து வரும் ஒரு மாத இதழில் (பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும்) நம் ஊரையும் நம் மார்க்கத்தையும் கேவலப்படுத்தி ஒரு கதை வந்திருக்கிறதாம்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் தலைவர் பக்கீர் ஹாஜியார்.

"ரொம்ப மோசமா எழுதியிருக்காம், மாமா."

"நீ படிச்சியா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! நோன்பும் அதுவுமா அதைப் போய்ப் படிப்பேனா? கையில கிடைச்சதும் எரிச்சுட்டேன்."

அவனுடைய வாட்ஸாப் குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். ஒருவரும் படிக்கவில்லை. ஈமான், அதாவது மார்க்க நம்பிக்கை என்றால் இதுதான். ஆனால் கண்டனத் தீர்மானம் போட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் படித்தாக வேண்டுமே. சபை என்னைப் பார்த்தது. தலைவர் சொன்னார்: "உதுமான் காலம் பூரா சர்க்கார் சுற்றறிக்கை படிச்சவரு. அவர் மனசை எந்த எழுத்தும் அசைக்காது."

ஊரிலேயே அந்தக் கதையைப் படிக்க அனுமதி பெற்ற ஒரே ஆள் நான். அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டேன். அரசமைப்புச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவை எடுத்துச் சொன்னேன். பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு உண்டு என்பது அதுதான். தவ்பீக் அதை உடனே படமாக்கிக் குழுவில் போட்டான்.

பிறை 6, புதன்

இதழ் கிடைக்கவில்லை. பஸ் நிலையக் கடையில் வழக்கமாக மூன்று பிரதிதான் வருமாம், அதில் இரண்டு திரும்பிப் போகுமாம். நேற்று முதல் எரிப்பதற்கென்று ஆளாளுக்குக் கேட்டதில் கடைக்காரர் பெரிய கட்டாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எதிரிக்கு நாமே தோள் கொடுக்கிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. தலைவரிடம் சொன்னேன். வாங்காமல் எப்படி எரிப்பது என்று கேட்டார். அதுவும் சரிதான்.

சாமான் அறையில் சிறிது வேலை. இட்லி சற்றுக் கடினம்.

(மேற்படி கடைசி வாக்கியம் தவறுதலாக எழுதப்பட்டது.)

பிறை 8, வெள்ளி

படித்துவிட்டேன்.

கதையின் பெயர் 'உப்புப் பார்க்காதவள்'. எழுதியவர் 'ஊராள்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். கதை இவ்வளவுதான். ஒரு கடற்கரை ஊரில் ஒரு ஜமாத் செயலாளர். அவருக்குச் சர்க்கரை வியாதி. நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. விட்ட நோன்புக்கு ஈடாகத் தினம் ஓர் ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும். ஆனால் செயலாளருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஊருக்கு முன்னால் நோன்பாளியாக நடக்கிறார், மதியம் ஒளிந்து சாப்பிடுகிறார். பள்ளிவாசல் வாசலில் நின்று தொண்டை வறட்சி பற்றிப் பேசுகிறார்.

நான் பதறவில்லை. கதையில் வரும் செயலாளர் கறுப்பு, நான் மாநிறம். அவர் ஒளிவது மாட்டுக் கொட்டிலில். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. ஆகவே இது என்னைப் பற்றியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இது மார்க்கத்தைப் பற்றியதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், மார்க்கத்துக்கு விரோதமான வரி ஒன்றும் அகப்படவில்லை. சலுகை பற்றிய சட்டம்கூடச் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. இதுதான் இவர்களுடைய தந்திரம். தப்பே இல்லாமல் எழுதினால் எப்படிப் பிடிப்பது?

ஹஜ்ரத்திடம், அதாவது எங்கள் பள்ளி இமாமிடம், கேட்டேன். சம்பளத்தைக் கமிட்டிதான் தருகிறது என்பதை மறக்காத மனிதர்.

"கதையில எந்த இடம் தீனுக்கு விரோதம்னு சொன்னீங்கன்னா, நான் பார்த்துச் சொல்றேன்."

"மொத்தமா விரோதம், ஹஜ்ரத்."

"மொத்தமாவா? மொத்தத்துக்கு ஆதாரம் தேடுறது கஷ்டம்ங்க" என்று தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

பிறை 10, ஞாயிறு

ஊராள் யார் என்று கமிட்டி கண்டுபிடித்துவிட்டது. சலீமா டீச்சர்தான். ஆதாரங்கள்: தமிழ் டீச்சர், கண்ணாடி போட்டிருக்கிறார், பெண்களுக்கான மார்க்கச் சொற்பொழிவில் (பயான்) ஒருமுறை எழுந்து கேள்வி கேட்டிருக்கிறார்.

தீர்மானத்தை நானே எழுதினேன். எழுதியவரை ஜமாத்திலிருந்து நீக்குவது, அவர் வீட்டு நிக்காஹுக்குப் பள்ளியின் திருமணப் பதிவேடான தஃப்தரைத் தருவதில்லை, வீட்டில் யாராவது இறந்தால் மையத்தை அடக்க இடமில்லை. நடை நன்றாக வந்திருந்தது. டீச்சரின் மகளுக்குப் பெருநாள் கழிந்த வாரத்தில் கல்யாணம். கல்யாணத் தஃப்தர் போகவில்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணி நேரம்கூட உட்கார மாட்டார்கள்.

மாலையில் டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்துகொண்டார்.

"காக்கா, நான் அதை எழுதலை." அண்ணன் முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எழுதியிருந்தா இல்லேன்னு சொல்லியிருக்க மாட்டேன். படிச்சேன். இப்படி ஒரு கதை நமக்கு வரலையேன்னு பொறாமையாத்தான் இருந்துச்சு." மேஜை மேலிருந்த தீர்மானத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். "என் மேல பேச்சு கிளம்பின மூணு நாளா என் புள்ள விடியுமுன்னே சஹர்ல தண்ணியை மட்டும் குடிச்சிட்டு நோன்பு வைக்குது காக்கா. அது என்ன பாவம் செஞ்சுச்சு?"

விதிமுறைப்படி எழுத்து மூலம் மனு கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். கறாராகத்தான் நடந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் டீச்சர் மகளின் முகம் கண் முன்னால் நின்றது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொய்யாவில் கல்லெறிந்த பெண் அது.

பிறை 11, திங்கள்

தீர்மானத்தில் மேற்கோள் காட்டுவதற்காகக் கதையை மறுபடி படித்தேன். நடை எவ்வளவு மோசம் என்பதற்கு உதாரணமாக ஒரு வரியை இங்கே எழுதி வைக்கிறேன்:

'நோன்பு பிடித்தவள் உப்புப் பார்க்காமல் அரைத்த துவையலை, நோன்பு பிடிக்காதவர் உப்பில்லை என்று தள்ளி வைத்தார்.'

அதற்கடுத்த வரியில் செயலாளர் சொல்கிறார்: 'நாக்கு செத்தா போச்சு உனக்கு?'

இதை நான் முதல்முறை ஏனோ கவனிக்காமல் போய்விட்டேன்.

இந்த வார்த்தைகளை இந்த ஊரில் சொல்கிறவர் ஒருவர். கேட்கிறவர் ஒருவர்.

கூடத்துச் சன்னலோரம் ராவியத்து எழுதிக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து, "என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. மகளுக்கா?"

"ம்."

சாமான் அறையில் இன்று வேலை இல்லை.

பிறை 12, செவ்வாய்

காலையில் கமிட்டிக் கூட்டம். அரசமைப்புச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவை மறுபடி ஆழ்ந்து படித்ததில், அதற்கு முதல் உட்பிரிவு ஒன்றும் இருப்பது தெரியவந்தது என்று எடுத்துச் சொன்னேன். குடிமக்கள் எல்லாருக்கும் பேச்சுரிமை, கருத்துரிமை. எழுத்தை எழுத்தால்தான் எதிர்கொள்ள வேண்டும். இஸ்லாம் ஒரு சிறுகதைக்கு நடுங்குகிற மார்க்கமா என்று கேட்டபோது என் குரலே தழுதழுத்தது.

"முந்தாநேத்துவரை நீதானே குதிச்சே?" என்றார் தலைவர்.

"மிரட்டல் வந்துச்சா மாமா?" என்றான் தவ்பீக், அக்கறையாக. "யாருன்னு சொல்லுங்க, குழுவுல போட்டுருவோம்."

முடிவு: வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மதரசா முற்றத்தில் ஜமாத் கூடும். என்ன குற்றம் என்று தெரியாமல் கை தூக்கக் கூடாது என்று ஹஜ்ரத் மெதுவாகச் சொல்லிவிட்டார். ஆகவே கதை முழுவதும் சபையில் வாசிக்கப்படும். படிக்க அனுமதி பெற்ற ஆள் ஊரிலேயே ஒருவர்தான் என்பதால் வாசிப்பவர் செயலாளர்.

ஆட்சேபம் சொல்ல வாய் எடுத்தேன். என்ன காரணம் சொல்வது?

பிறை 13, புதன்

சஹர் சாப்பாட்டில் ராவியத்து பேச்செடுத்தாள்.

"சலீமா மக கல்யாணம் நிக்குமாமே?"

"எழுதினது அவங்கன்னு ஊர் நினைக்குது."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறதுக்கு மினிட் புத்தகத்துல இடமில்லை."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை நீங்களே சொல்லிட்டா நல்லது. இல்லேன்னா நான் திரைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் தொண்டை இருக்கு."

எதைச் சொல்ல வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னால் ஊரில் எனக்கு என்ன மிஞ்சும்? செயலாளர் வீட்டுப் பெண் எழுதினாள் என்றால், செயலாளர் என்ன சாப்பிட்டார் என்றுதான் அடுத்த கேள்வி வரும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கல்யாணம். யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. நாளைக்கு முடிவெடுக்கலாம்.

பிறை 14, வியாழன்

முடிவெடுக்கவில்லை.

சாமான் அறைக்குப் போகப் பயமாக இருக்கிறது. சுவரெல்லாம் என்னைப் பார்த்துக் கதை எழுதுவதுபோல் தோன்றுகிறது. ராவியத்து தட்டை வைத்துவிட்டு வாசலில் நின்றாள். "மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. என் மேல உள்ள கோபத்தை உங்க உடம்பு மேல காட்டாதீங்க."

கோபமில்லை என்றேன். பொய். நிறையக் கோபம். ஆனால் எதன் மேல் என்று பார்த்தால், கதையில் அந்தச் செயலாளர் அவ்வளவு சிரிப்பாக இருப்பதன் மேல்தான்.

பிறை 15, வெள்ளி

மாத்திரையைப் போட்டுவிட்டு இன்று மதியமும் சாப்பிடாமல் இருந்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருவதற்கு அதுதான் காரணம்.

முற்றம் நிறைந்திருந்தது. வெள்ளி மதிய ஜும்ஆத் தொழுகைக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. துணித் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். முன்வரிசையில் சலீமா டீச்சரின் கணவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சுற்றறிக்கை வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் தொடங்கினேன். அப்படி வாசித்தால் எதுவும் சப்பென்று ஆகிவிடும் என்பது என் சர்வீஸ் அனுபவம்.

ஆகவில்லை. இரண்டாம் பத்தியிலேயே பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. தொண்டை வறட்சி வந்த இடத்தில் மூன்று நான்கு பேர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்கள். தவ்பீக் குற்றத்தைப் பதிவு செய்வதற்காகச் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான், போன் குலுங்கியது. உப்பு வரி வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமாக உடைந்தது. அத்தனை பெண்களும் உப்புப் பார்க்காமல் சமைக்கிறவர்கள்.

மேலே வாசித்தேன். கதையின் கடைசியை இந்தக் குறிப்பில் நான் முன்பு எழுதவில்லை. அந்த மனைவி தினம் ஒரு தூக்குச்சட்டி சோற்றை ஓர் ஏழை வீட்டுக்கு அனுப்புகிறாள். கணவர் விட்ட நோன்புக்கு ஈடாக, அவர் பேரில், அவருக்கே சொல்லாமல். அவர் கௌரவத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும், மறுமையில் அவர் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். முதலில் படித்தபோது இதைச் சுவையற்ற முடிவு என்று சிவப்புப் பேனாவால் ஓரத்தில் குறித்திருந்தேன். இன்று அந்த இடத்தில் எழுத்து மங்கிற்று. கண்ணீரா, மயக்கமா என்று தெரியவில்லை. வியர்வையில் சட்டை நனைந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"சர்க்கரை இறங்கிடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

அதன்பிறகு நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். பக்கீர் ஹாஜியார் ஜிப்பாப் பையில் கைவிட்டு ஓர் எலுமிச்சை மிட்டாயை எடுத்தார். அதே நேரத்தில் ஹஜ்ரத் தலைப்பாகை மடிப்பிலிருந்து பனங்கற்கண்டை எடுத்தார். தவ்பீக் நீட்டியது கடலை மிட்டாய். திரும்பிய பக்கமெல்லாம் கைகள், எல்லாக் கையிலும் இனிப்பு. நோன்பு திறக்க இன்னும் நேரமிருக்கிறது. அத்தனை நோன்பாளிகளும் பையில் எதற்கு மிட்டாய் வைத்திருக்கிறார்கள்?

"வாயைத் திற உதுமான்" என்றார் ஹாஜியார். "ஒவ்வொரு ரமலானுக்கும் உனக்காகத்தான் தூக்கிட்டு அலையுறேன். ஈரம் பட்டு ஜிப்பாவெல்லாம் பிசுபிசுப்பு."

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் மாமா" என்றான் தவ்பீக். "நீங்க சங்கடப்படுவீங்கன்னு யாரும் சொல்லலை."

எலுமிச்சை மிட்டாய் வாயில் கரைந்தது. அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. கூடவே இத்தனை பேருக்கு நான் வேண்டியவனாக இருந்திருக்கிறேனே என்று நினைத்ததும் அழுகை முட்டியது. திரையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமல் எனக்குத் தெரியும்.

முந்திக்கொண்டேன். "ஊராள் சலீமா டீச்சர் இல்லை. எங்க வீட்டுல உள்ளவ."

தவ்பீக் போனைக் கீழே இறக்கினான்.

"அப்ப யாரை நீக்குறது?" என்று ஹாஜியார் குழம்பிப்போய்க் கேட்டார். "தீர்மானம் எழுதினது நீதானே?"

"நான்தான்."

"உன் வீட்டுல உள்ளவளை நீக்கினா, நாளைக்கு உனக்குச் சோறு போடுறது யாரு?"

ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது, கஞ்சி ஆறுகிறது என்றார். அவர் இவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

தீர்மானம் நேரமின்மையால் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. நிக்காஹ் தஃப்தர் டீச்சர் வீட்டுக்குப் போகலாம் என்பது ஏகமனதாக நிறைவேறியது.

பிறை 16, சனி

மதியம் ராவியத்து தட்டைச் சாமான் அறையில் வைக்கவில்லை. கூடத்தில், விசிறிக்குக் கீழே வைத்தாள். வாசற்கதவு திறந்திருந்தது. மூடச் சொல்ல வாய் திறந்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ரமலானுக்கு ரமலான் உப்பைப் பத்திப் பேசினீங்க. என்ன எழுதுறேன்னு ஒருநாள் கேட்டீங்களா?"

"மகளுக்குக் கடிதம்னு நினைச்சேன்."

"மகளுக்குத்தான் அனுப்புவேன். அவதான் தட்டச்சுப் பண்ணி இதழுக்கு அனுப்புவா." என் பக்கம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். "ஆசியா வீட்டுக்குச் சட்டி கொண்டுபோகணும். இன்னைக்கு நீங்களே கொண்டுபோங்க."

கொண்டுபோனேன். தெரு முழுவதும் ஸலாம் சொன்னது. சிரித்தார்களா என்று பார்க்கவில்லை. சலீமா டீச்சர் வீட்டு வாசலில் பந்தல்கால் வந்து இறங்கியிருந்தது. அந்தப் பெண் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தது. கல்லெறிகிற வயதில் பார்த்த அதே முகம்.

அந்த இதழிலிருந்து ராவியத்துக்குத் தபால் வந்திருக்கிறது. நம் ஊரில் மட்டும் இத்தனை பிரதிகள் எந்த மாதமும் விற்றதில்லையாம். அடுத்த கதை உடனே வேண்டுமாம்.

பிறை 17, ஞாயிறு

கூடத்தில் சாப்பாடு. துவையலில் உப்பு இல்லை. அவள் சன்னலோரம் பேனாவை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் சொல்லவில்லை. கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன்.